தூய்மை என்னும் சொல்: ‘அக்கினிப் பிரவேசம்’ ஓர் ஆய்வு

ஜெயகாந்தன் 1966-ஆம் ஆண்டு ஆனந்த விகடனில் எழுதிய ‘அக்கினிப் பிரவேசம்’ என்னும் சிறுகதை வெளிவந்தபோதே பெரும் விவாதத்தை எழுப்பிற்று. கதையின் துணிவைப் பற்றிப் பலர் பேசியுள்ளனர். அத்துணிவு பாத்திரப் படைப்பிலும் சொல் தேர்விலும் எவ்வாறு நிலைகொண்டுள்ளது என்பதையே நாம் இங்கு ஆராய முற்படுகிறோம்.

கதைப் பொருள் சிறியது. மழை மாலையொன்றில் பேருந்துக்குக் காத்து நிற்கும் ஏழைக் கல்லூரி மாணவியைச் செல்வ இளைஞன் ஒருவன் தன் காரில் ஏற்றிச் சென்று கெடுத்துவிடுகிறான். அவள் வீடு திரும்பித் தாயிடம் சொல்லி அழுகிறாள். இவர்களுள் எவருக்கும் ஆசிரியர் பெயரிடவில்லை. பெயரின்மையால் அவர்கள் மங்கிவிடவில்லை. நம் தெருவில் உள்ளவர்களாகவே நெருங்கி வருகின்றனர். இளைஞனும் அரக்கனாகத் தீட்டப்படவில்லை. விரும்பியதைப் பெற்றே பழகியவன் அவன். அதுவே அவனை மேலும் அஞ்சத்தக்கவனாக்குகிறது.

கதையின் உயிர்நாடி தாயின் பாத்திரமே. செய்தி கேட்டதும் அவள் அலறுகிறாள், மகளை அடிக்கிறாள். வழிவழியாக வந்த அச்சம் அவள் கைகளில் இயங்குகிறது. அக்கம்பக்கத்தார் என்னவென்று வினவும்போதோ, மகள் மழையில் நனைந்து வந்தாள், அதற்காகவே கத்தினேன் என்கிறாள். அலறலுக்கும் இப்பொய்க்கும் இடையில் அவள் உள்ளத்தில் நிகழ்ந்தது யாது? ஆசிரியர் விளக்கவில்லை. அவள் செயலைக் கண்டே நாம் உணர்கிறோம். ஊராரின் குரல் காதில் விழுந்த கணத்தில் அவள் ஊரின் பக்கம் நில்லாமல் மகளின் பக்கம் வந்துவிட்டாள்.

பின்னர் மகளின் தலையில் நீர் ஊற்றி அவள் பேசும் சொற்கள் நம் கருத்துக்குரியன. அவை சாத்திரத்திலிருந்து வந்தவையல்ல. முற்றத்திலிருந்தும் கிணற்றடியிலிருந்தும் வந்தவை. தெருவில் நடக்கையில் காலில் அசுத்தம் படுமானால் கழுவிக்கொள்கிறோமேயன்றிக் காலை வெட்டிவிடுவதில்லை என்பதே அவளது வாதம். அகலிகையை அவள் நினைவூட்டுவதும் உள்ளம் கெடவில்லை என்பதற்காகவே. இங்கு ‘மன்னிப்பு’ என்னும் சொல்லுக்கு இடமில்லை என்பதை நாம் கவனித்தல் வேண்டும். குற்றம் செய்தவருக்கே மன்னிப்பு. அழுக்குப் பட்டவருக்குத் தேவை நீர். இவ்வேறுபாட்டைத் தாய் அறிந்திருக்கிறாள்.

தலைப்போ இதற்கு மாறாக வடமொழியின் கம்பீரம் உடையது. சீதையின் தீக்குளிப்பு பிறர் காண நிகழ்ந்தது. பிறருக்குச் சான்று காட்டுவது. இங்கே சான்று கேட்பாரும் இல்லை, காண்பாரும் இல்லை. ஊற்றிய நீரையே நெருப்பென்று எண்ணிக்கொள்ளுமாறு தாய் சொல்லும்போது அப்பெரும் சொல் வீட்டளவுக்குச் சுருங்குகிறது, பொருளிலோ விரிகிறது. மகள் அதுவரை மென்றுகொண்டிருந்த சூயிங்கத்தைத் துப்பச் செய்வதும் இவ்வாறே. அவன் தந்த அந்த அற்பப் பொருளின் வழியே, பேருரை எதுவுமின்றி, அவன் அவள் வாழ்விலிருந்து வெளியேற்றப்படுகிறான்.

குறைகளும் இல்லாமலில்லை. தாயின் பேச்சு ஓரிடத்தில் ஆசிரியரின் பேச்சாக நீண்டுவிடுகிறது. மேலும், கழுவப்படுவது ஒரு தலை மட்டுமே. குற்றம் புரிந்தவன் கேள்வியின்றிச் சென்றுவிடுகிறான். நடந்ததை எவரிடமும் சொல்லாதே என்னும் கட்டளை மகளைக் காக்கிறது, அவனையும் காக்கிறது.

1970-இல் நூலாக வந்து 1972-ஆம் ஆண்டின் சாகித்திய அக்காதெமிப் பரிசைப் பெற்ற ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில் ஆசிரியர் இதே நிகழ்ச்சியை மாற்றிப் பார்க்கிறார். அங்கே தாயின் ஓலம் ஊரறிய எழுகிறது, கங்கா ஒதுக்கப்படுகிறாள். நடந்த தீங்கு ஒன்றே. முதலில் அதைக் கேட்டவரின் சொல்லே வேறு. துயருற்றோர் முதலில் நாடி வரும் இடத்தில் அமர்ந்திருக்கும் நாம், எச்சொல்லை ஆயத்தமாக வைத்திருக்கிறோம் என்பதே இவ்விரு படைப்புகளும் நம்மிடம் கேட்கும் கேள்வி.