மலிவு மின்சாரமும் மலிவு வெப்பமும்

பிரிட்டனில் எரிவாயு பாய்லரை எடுத்துவிட்டு ஹீட் பம்ப் பொருத்தும் குடும்பத்துக்கு அடுத்து வரும் கேள்வி, எந்த மின்கட்டணத் திட்டத்தில் சேர்வது என்பது. அங்கே ஒரு யூனிட் மின்சாரம் எரிவாயுவைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு விலை. பம்போ ஒரு யூனிட் மின்சாரத்தைக் கொண்டு வெளிக்காற்றின் வெப்பத்தை இழுத்து, மூன்று நான்கு யூனிட் வெப்பமாக வீட்டுக்குள் தருகிறது. லாபமும் நட்டமும் இவ்வளவு நெருங்கி நிற்பதால், கட்டணத் திட்டமே தராசு முள்ளைச் சாய்க்கிறது. யூனிட் விலை எங்கே குறைவு என்று பார்த்துச் சேர்வதே பலரின் வழக்கம். அந்த அளவுகோல் போதாது என்பதே என் வாதம்.

நேரத்துக்கு நேரம் விலை மாறும் திட்டங்களின் நன்மை உண்மையானது. ஆக்டோபஸ் எனர்ஜியின் 'கோசி' திட்டத்தில் அதிகாலை 4 முதல் 7, பிற்பகல் 1 முதல் 4, இரவு 10 முதல் 12 வரை விலை குறைவு. மாலை 4 முதல் 7 வரை மிக அதிகம். நாடே அடுப்பும் விளக்கும் போடும் அந்த மாலையில் பம்ப் ஓய்ந்திருந்தால் மின்வலையின் சுமை குறையும். பிற்பகல் சலுகையும் பொருத்தமானது: வெளிக்காற்று ஓரளவு வெதுவெதுப்பாக இருக்கும் வேளையில் பம்ப் குறைந்த மின்சாரத்தில் ஓடும். பழைய 'எகானமி 7' இரவு ஏழு மணி நேரச் சலுகையை மட்டுமே தந்தது. செங்கல்லில் வெப்பத்தைச் சேமிக்கும் ஹீட்டர்களுக்கு அது சரி. பம்புக்கோ வெப்பத்தைச் சேமிக்கும் செங்கல் வீட்டுச் சுவர்தான்.

இத்திட்டங்களின் குறை அந்தச் சுவரிலேயே தொடங்குகிறது. அது வெப்பத்தைப் பிடித்துவைக்காதபோது, மலிவு நேரத்துக்குள் வெப்பத்தை அடைத்துவிட ரேடியேட்டர் நீரை 35 டிகிரியிலிருந்து 50க்கு ஏற்றினால் பம்பின் திறன் சரியும். ஒரு கணக்குப் போடுவோம். நிலையான திட்டத்தில் யூனிட் 24 பென்ஸ், பம்ப் நான்கு மடங்கு வெப்பம் தருகிறது என்றால் ஒரு யூனிட் வெப்பம் 6 பென்ஸ். மாறும் திட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு மின்சாரத்தை 15 பென்ஸுக்கும், வீடு குளிர்ந்துவிட்டதால் எஞ்சியதை மாலையில் 36 பென்ஸுக்கும் வாங்கினால் சராசரி 22 பென்ஸ். பில்லில் யூனிட் விலை குறைந்திருக்கிறது. ஆனால் திறன் நான்கு மடங்கிலிருந்து மூன்றுக்கு இறங்கியதால் ஒரு யூனிட் வெப்பம் 7.3 பென்ஸ் ஆகிவிடுகிறது.

பேட்டரி வைத்தால் தீராதா என்று கேட்கலாம். தீரும், மலிவில் வாங்கிய மின்சாரத்தைக் கொண்டு பம்ப் நாள் முழுதும் மிதமாகவே ஓடலாம். ஆனால் அந்த முதலீடு எல்லோராலும் ஆகாது. அப்படியானால் நிலையான திட்டமே நிம்மதி என்பார்கள் சிலர். வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வீட்டுக்கு அந்த நிம்மதி வீண்செலவு. எனவே திட்டத்தைத் தேடுமுன் வீட்டைச் சோதிக்க வேண்டும். ஜனவரியில் ஒருநாள், நீரின் சூட்டைக் கூட்டாமல், மாலை 4 மணிக்குப் பம்பை நிறுத்தி 7 மணிக்கு அறையின் வெப்பமானியைப் பாருங்கள். ஒரு டிகிரிக்குள் இறங்கியிருந்தால் மாறும் திட்டம் உங்களுக்கானது. மூன்று டிகிரி இறங்கியிருந்தால், முதியவரோ கைக்குழந்தையோ இருக்கும் வீட்டில் அதற்கு ஆசைப்படக் கூடாது. முதலில் ஜன்னல் இடுக்கையும் கூரையையும் அடைப்பதற்குச் செலவிடுங்கள்.