ரிப்பன் மைக்கும் "வார்ம்" என்ற சோம்பேறிச் சொல்லும்

"வீணை, வயலின், கிடார் மாதிரி வாத்தியங்களை ரெக்கார்ட் பண்ண ரிப்பன் மைக் வாங்கலாமா?" என்று யாரைக் கேட்டாலும் கிடைப்பது ஒரே பதில்தான்: "வாங்குங்க, சவுண்ட் வார்மா இருக்கும்." இந்தப் பதிலைக் கேட்டு ஏமாந்தவன் என்ற தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் என் பெரியம்மா வாசித்த வீணையைப் பதிவு செய்தேன். நண்பரிடம் இரவல் வாங்கிய ரிப்பன் மைக். அதைக் குடத்துக்கு அரை அடி மேலே நிறுத்தினேன். கிட்ட வைத்தால் கதகதப்பு கூடும் என்று எங்கோ படித்திருந்தேன். பிறகு ஹெட்போனில் கேட்டால், வீணை ஏதோ தகர டின்னுக்குள் உட்கார்ந்துகொண்டு "தொம் தொம்" என்கிறது. மீட்டும் நகத்தின் சத்தத்தையே காணோம். மறுபடி ஒரு நாள் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அதற்குள் அவர் விரல்களை மூட்டுவலி பிடித்துக்கொண்டது. ஆக, இருப்பது அந்த ஒரு பதிவுதான்.

தப்பு மைக்கில் இல்லை. மைக் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் ஒரு பெயரடையை நம்பினேன், அவ்வளவுதான்.

ரிப்பன் மைக்கின் உள்ளே இருப்பது மிக எளிமையான சமாச்சாரம். இரண்டு காந்த முனைகளுக்கு நடுவே தொங்கும் ஒரு அலுமினியத் தகடு. பிபிசி வடிவமைத்த 4038-ல் அதன் தடிமன் வெறும் 0.6 மைக்ரான். தகட்டின் முன்பக்கமும் பின்பக்கமும் காற்றுக்குத் திறந்தே இருக்கின்றன. எனவே முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் வரும் ஒலி தகட்டை ஒரே அளவு அசைக்கும். பக்கவாட்டிலிருந்து வருவது இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தள்ளுவதால் தகடு அசையாது. வரைந்து பார்த்தால் எட்டு என்ற எண்ணின் வடிவம் வரும். இப்படித் திறந்த தகட்டுக்கு இன்னொரு குணமும் உண்டு: ஒலி மூலம் நெருங்க நெருங்க, கீழ் சுருதிகள் மட்டும் வேகமாக ஊதிப் பெருக்கும். என் வீணைக்கு நடந்தது இதுதான். அரை அடியில் நான் பதிவு செய்தது வாத்தியத்தின் கதகதப்பை இல்லை, வெறும் தூரக் குறைவை.

உச்ச ஸ்தாயியில் ரிப்பன் மெல்லச் சரிவது உண்மை. வயலின் வில்லின் கீறல் அதில் குறைவாகக் கேட்பதும் உண்மை. ஆனால் நாம் புகழ்கிற "நிஜமா எதிரே உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி" என்ற உணர்வுக்கு அந்தச் சரிவு காரணமா? எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அதற்கு ஒரு நல்ல சாட்சி, ரை கூடரும் விஸ்வ மோகன் பட்டும் சேர்ந்து வாசித்த "எ மீட்டிங் பை தி ரிவர்". 1993-ல் வெளிவந்து கிராமி விருது பெற்ற ஆல்பம். பதிவு செய்தவர் இலங்கையில் பிறந்த கவிச்சந்திரன் அலெக்ஸாண்டர். இடம், கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் ஒரு தேவாலயம். ஈக்வலைசர் கிடையாது, கம்ப்ரஸர் கிடையாது.

ரிப்பன் ரசிகர்கள் விரும்பும் எல்லாம் அதில் இருக்கிறது. மோகன வீணையின் அதிர்வுத் தந்திகள் காற்றில் கரைவது வரை கேட்கிறது. தபேலாவின் இடது கை, பருத்துவிடாமல் வட்டமாக ஒலிக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அங்கே இருந்தவை ரிப்பன் மைக்குகளே இல்லை. வால்வு வைத்த கண்டன்சர் மைக்குகள். ஆனால் வைத்த விதம் ப்ளூம்லைன் முறை: எட்டு வடிவத்தில் கேட்கும் இரண்டு மைக்குகளை ஒரே புள்ளியில், ஒன்றுக்கொன்று 90 டிகிரியில் திருப்பி வைப்பது. 1931-ல் ஆலன் ப்ளூம்லைன் விண்ணப்பித்த காப்புரிமையிலிருந்து வந்த யோசனை.

ஆக, ரிப்பன் இல்லாமலே ரிப்பனின் மாயம் நடக்கிறது என்றால் அந்த மாயத்தில் பெரும்பங்கு எட்டு வடிவத்துக்கும், தூரத்துக்கும், அறைக்கும் உரியது. தகட்டின் பங்கு நாம் நினைப்பதைவிடச் சின்னது.

இந்த ஆல்பத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் உண்டு. சில இடங்களில் தாள வாத்தியங்கள் ஒரு அடி பின்னால் போய்விடுகின்றன. இன்னும் கொஞ்சம் கிட்டே வரக்கூடாதா என்று தோன்றும். இந்த முறையில் அதைப் பிறகு சரிசெய்ய வழியில்லை. ஆளை நகர்த்தலாம், மைக்கை நகர்த்தலாம். மிக்ஸிங்கில் நகர்த்த முடியாது. அந்தத் துணிச்சலுக்கான விலை அது. எனக்குச் சம்மதம்தான்.

சரி, நம் வீட்டுக்கு வருவோம். இங்கே தேவாலயம் இல்லை. பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு அறை. "ரிப்பன் ரூமை நிறைய இழுக்கும்" என்று பயமுறுத்துவார்கள். கணக்குப்படி, நாலாபுறமும் பரவிய எதிரொலியில் எட்டு வடிவ மைக் எடுப்பதும் சாதாரண கார்டியாய்ட் மைக் எடுப்பதும் ஒரே அளவுதான்: எல்லாத் திசையும் கேட்கும் மைக்கில் மூன்றில் ஒரு பங்கு. பிரச்சினை, மைக்குக்குப் பின்னால் இரண்டடியில் நிற்கும் சுவர். அதில் மோதி வரும் ஒலி நேராகத் தகட்டின் முதுகில் அடிக்கும். சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். முடியாவிட்டால் பின்னால் புத்தக அலமாரியோ, கொடியில் ரெண்டு மெத்தையோ இருக்கட்டும்.

செவிட்டுப் பக்கத்தையும் பயன்படுத்தலாம். மைக்கை நிமிர்த்தி வைத்தால் இடம் வலம் மட்டுமில்லை, மேலும் கீழும் கூட அது செவிடு. மாடி வீட்டில் நாற்காலி இழுக்கிற சத்தம் பெருமளவு அடங்கும். பாடிக்கொண்டே கிடார் வாசிப்பவருக்கு, செவிட்டுப் பக்கம் வாயைப் பார்க்கும்படி மைக்கைச் சாய்த்தால் கிடார் தனியாக வரும். இதைக் கடைக்காரர் யாரும் எனக்குச் சொன்னதில்லை. "வார்ம்" என்று மட்டும் சொன்னார்கள்.

எதை வாங்குவது? அறை மோசம் என்றால் பேயர்டைனமிக் எம்160. ரிப்பன்தான், ஆனால் பின்பக்கம் அதிகம் கேட்காது. டிரம்பெட் மாதிரி உரத்த வாத்தியம் என்றால் ராயர் ஆர்-121. ஆனால் ஊதும் காற்று நேராகத் தகட்டில் படக்கூடாது. வீணை மாதிரி மெல்லிய வாத்தியத்துக்கு மைக்கைவிட பிரீஆம்ப் முக்கியம். 60, 70 டெசிபல் இரைச்சலில்லாமல் தூக்க வேண்டும். அது இல்லையென்றால் ரிப்பனை மறந்துவிட்டு நல்ல கண்டன்சர் ஒன்றைத் தேடுவதே புத்திசாலித்தனம். சாதாரண ரிப்பனுக்கு ஃபேண்டம் பவரை அணைத்துவிடுங்கள். கேபிளில் கோளாறு இருந்தால் தகடு போய்விடும்.

போன மாதம் அதே மைக்கை மறுபடி இரவல் வாங்கி, பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தியின் வீணைக்கு வைத்தேன். மூன்றடி தூரம், பின்னால் மெத்தை, ஃபேன் நிறுத்தம். நகம் கேட்டது, கமகம் கேட்டது, குடமும் கேட்டது. பெரியம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "என்னுதையும் இப்படி எடுத்திருக்கலாமேடா" என்றார்.

எடுத்திருக்கலாம். இரண்டரை அடி தள்ளி வைத்திருந்தால் போதும்.