நான்கு அங்குல மழைக் கணக்கு

எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தை வற்றவைக்க முயன்ற திட்டம்: ஒரு மதிப்பீடு

பெரிய பொறியியல் திட்டம் ஒன்று தோல்வி அடைந்தால் இரண்டு விளக்கங்கள் உடனே கிடைக்கும். "இயற்கையோடு விளையாடினால் இப்படித்தான்" என்பது ஒன்று. "பேராசைக்காரர்கள் கெடுத்துவிட்டார்கள்" என்பது மற்றொன்று. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் இவற்றைக் கேட்டு ஒரு மாணவன் கற்றுக்கொள்வது ஒன்றுமில்லை. எந்தக் கணக்கு, எந்த இடத்தில் பிழைத்தது என்று தேடிப் பார்த்தால்தான் தோல்வி பாடமாகும். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உள்ள எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தின் வரலாற்றை அந்த நோக்கில் பார்ப்போம்.

புல்லின் நடுவே ஓடும் ஆறு

புளோரிடாவின் நடுவே ஒகிசோபி என்ற பெரிய ஏரி இருக்கிறது. மழைக்காலத்தில் இந்த ஏரி நிரம்பித் தென்கரை வழியே வழியும். அப்படி வழிந்த நீர் ஆழமான ஆறாக ஓடவில்லை. சுமார் 60 மைல் அகலத்துக்குத் தகடுபோல் பரந்து, 100 மைல் தூரம் தெற்கே நகர்ந்து கடலை அடைந்தது. நிலத்தின் சரிவு மைலுக்கு ஏறத்தாழ இரண்டே அங்குலம். நீர் ஓடுகிறதா, நிற்கிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது. அதில் வளர்ந்தது ரம்பம் போன்ற விளிம்புடைய ஒருவகைக் கோரை. அந்தக் கோரை மடிந்து மடிந்து, சுமார் ஐயாயிரம் ஆண்டுகளாகச் சுண்ணாம்புக்கல் தரைமேல் 'பீட்' எனப்படும் கரிய மண்ணாகப் படிந்திருந்தது.

இந்த நிலத்தை வற்றவைத்தால் பொன் விளையும் என்ற எண்ணம் பழையது. 1881-இல் ஹாமில்டன் டிஸ்டன் என்ற தொழிலதிபர் புளோரிடா அரசிடம் 40 லட்சம் ஏக்கர் நிலத்தை ஏக்கர் 25 சென்ட் வீதம் வாங்கினார். ஏரிக்கு மேற்கிலும் வடக்கிலும் கால்வாய்கள் வெட்டினார். எவர்கிளேட்ஸ் வற்றவில்லை. 1896-இல் அவர் இறந்தார், முயற்சியும் நின்றது.

அடுத்து வந்தவர் நெப்போலியன் போனபார்ட் பிரவார்ட். 1905-இல் கவர்னராகப் பதவியேற்ற இவருடைய வாதம் எளிமையானது. ஏரி கடல் மட்டத்துக்குச் சுமார் 20 அடி மேலே இருக்கிறது. நீர் பள்ளத்தை நோக்கித்தான் பாயும். ஆகவே இடையே வாய்க்கால் வெட்டினால் போதும். பௌதிக விதியைப் பொறுத்தவரை இதில் பிழை இல்லை. ஆனால் நீர் ஓடுமா என்பதல்ல கேள்வி. எவ்வளவு நீர், எத்தனை நாளில் ஓடும் என்பதே கேள்வி. இதற்கு விடை சொல்லும் பொறுப்பு, மத்திய விவசாயத் துறையிலிருந்து வந்த ஜேம்ஸ் ரைட் என்ற பொறியாளருக்குக் கிடைத்தது.

ரைட் அறிக்கையின் குறைகள்

எட்டுக் கால்வாய்கள் வெட்டினால் 18.5 லட்சம் ஏக்கர் நிலம் வற்றிவிடும், ஏக்கருக்கு ஒரு டாலர்தான் செலவாகும் என்றது ரைட்டின் கணக்கு. அதன் அடிப்படைகளை நீங்களே சோதித்துப் பாருங்கள்.

முதலாவது, மழை அளவுகள் எடுக்கப்பட்ட இடம். எவர்கிளேட்ஸுக்குள் அன்று மழைமானியே கிடையாது. ஆகவே ஜூபிடர், கிசிமி என்ற இரண்டு வெளியூர்களின் அளவுகளையே அவர் முதன்மையாகக் கொண்டார். நோயாளியை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்காரரின் நாடியைப் பார்ப்பது போன்றது இது.

இரண்டாவது, காலம். அவரிடம் இருந்தவை சுமார் 15 ஆண்டு அளவுகள். ஐம்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் பெருமழை அந்தப் பதினைந்து ஆண்டுகளுக்குள் வந்தே தீரவேண்டும் என்று கட்டாயம் இல்லை.

மூன்றாவது, அந்தச் சிறு பட்டியலிலும் மிக அதிக மழை பெய்த ஆண்டை அவர் விதிவிலக்கு என்று ஒதுக்கினார். அந்த அளவுக்குக் கால்வாய் வெட்டினால் செலவு அதிகமாகும் என்பது அவர் சொன்ன காரணம். சிக்கனம் நல்லதுதான். ஆனால் செலவுக்கு ஏற்றபடி மழையைக் குறைத்துக்கொள்ள முடியுமா?

நான்காவது குறைதான் எல்லாவற்றிலும் பெரியது. ஒரு நாளில் பெய்யும் அதிகபட்ச மழை நான்கு அங்குலம் என்று வைத்துக்கொண்டு அவர் கால்வாய்களை வகுத்தார். ஒரே நாளில் பத்து, பன்னிரண்டு அங்குலம் பெய்ததற்கான பதிவுகள் அப்போதே இருந்தன. இதன் பொருளைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அங்குல மழை என்றால் சுமார் ஒரு லட்சம் லிட்டர் நீர். ரைட்டின் கால்வாய்க்கு ஏக்கருக்கு நாள் ஒன்றுக்கு நான்கு லட்சம் லிட்டர்தான் கணக்கு. பெருமழையில் வருவதோ பத்து லட்சத்துக்கும் மேல். எஞ்சிய ஆறு லட்சம் லிட்டரும் வயலிலேதான் நிற்கும். தட்டையான நிலத்தில் அது வேகமாக வடியவும் வழியில்லை.

அறிக்கை விளம்பரமான கதை

ரைட்டின் மேலதிகாரி பிழைகளைக் கண்டு 1910-இல் அறிக்கை வெளியாவதை நிறுத்திவைத்தார். ஆனால் அதன் பகுதிகள் முன்பே வெளியே போய்விட்டன. ரிச்சர்ட் போல்ஸ் என்ற நில வியாபாரி, அறிக்கை முடியும் முன்பே, 1908-இல், ஐந்து லட்சம் ஏக்கரை பத்து லட்சம் டாலருக்கு வாங்கியிருந்தார். திருத்தப்படாத வாசகங்கள் செனட் சபையின் 89-ஆம் எண் ஆவணமாகவும் அச்சேறின. அரசாங்கமே சொல்லிவிட்டது என்ற நம்பிக்கையில் தொலைதூர மாநிலங்களில் இருந்தவர்கள் நிலத்தைப் பார்க்காமலே பணம் கட்டினார்கள். வந்து பார்த்தபோது பலருடைய நிலம் தண்ணீருக்கு அடியில் இருந்தது. மயாமி பத்திரிகை ஆசிரியர் பிராங்க் ஸ்டோன்மன் போன்ற ஒரு சிலரே தொடக்கத்தில் ஐயம் எழுப்பினர். 1912-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இதைப் பற்றி விசாரணை நடத்தியது.

வியாபாரிகளை மட்டும் குற்றம் சாட்டுவதை நான் ஏற்கவில்லை. விளம்பரம் செய்பவன் மிகைப்படுத்துவான் என்பது எல்லாருக்கும் தெரியும். அரசுப் பொறியாளரின் பெயரும் எண்களும் இருந்ததால்தான் மக்கள் நம்பினார்கள். தவறான எண், எண்ணே இல்லாத பேச்சைவிட ஆபத்தானது.

அடுத்துவந்த ஆண்டுகளில் ஏரியிலிருந்து அட்லாண்டிக் கடலை நோக்கி நான்கு பெரிய கால்வாய்கள் வெட்டப்பட்டன. ஏரியின் தென்கரையில் உயரம் குறைந்த மண்கரை ஒன்றும் எழுந்தது. அதை நம்பி ஊர்கள் தோன்றின. 1926-இல் வீசிய சூறாவளியில் கரை உடைந்து மூர் ஹேவன் என்ற ஊர் மூழ்கியது. 1928 செப்டம்பர் 16 இரவில் வந்த சூறாவளி ஏரி நீரைத் தெற்கே தள்ளிக் கரையைத் தகர்த்தது. இறந்தவர்கள் குறைந்தது 2,500 பேர். அவர்களில் பெரும்பாலோர் வயல்வேலைக்கு வந்திருந்த கறுப்பின ஏழைத் தொழிலாளர்கள். மழைக் கணக்கைப் பற்றி அவர்களிடம் யாரும் கேட்டதில்லை.

மண்ணே மறைந்தது

கால்வாய்கள் போதிய அளவில் வெட்டப்பட்டிருந்தால் திட்டம் வென்றிருக்குமா? இல்லை என்பதே என் முடிவு.

ஊறுகாய் ஜாடியில் எண்ணெய் மேலே நிற்கும்வரை காய் கெடுவதில்லை. எண்ணெய் குறைந்தால் பூசணம் பிடிக்கும். பீட் மண்ணும் அப்படித்தான். நீர் மூடியிருந்தபோது ஆக்சிஜன் உள்ளே போகாததால் மட்கும் வேலை மிக மெதுவாக நடந்தது. நீரை வடித்ததும் காற்று புகுந்தது. நுண்ணுயிர்கள் மண்ணையே தின்று கரியமில வாயுவாக மாற்றின. வறண்ட காலத்தில் உலர்ந்த மண்ணில் தீயும் பற்றியது. பெல் கிளேட் ஆராய்ச்சி நிலையத்தில் 1924-இல் ஒன்பது அடித் தூண் ஒன்றை, அடிப்பாறை வரை இறக்கி, தலை மண்மட்டத்தில் இருக்கும்படி நட்டார்கள். இன்று அத்தூண் சுமார் ஆறு அடி வெளியே நிற்கிறது. தூண் உயரவில்லை, நிலம் தாழ்ந்துவிட்டது. நிலம் தாழ்ந்தால் கால்வாயின் சரிவும் குறையும். பிறகு நீரை இறைத்துத்தான் வெளியேற்ற வேண்டும்.

இது அன்று யாருக்கும் தெரியாத உண்மையும் அல்ல. இங்கிலாந்தின் ஹோம் சதுப்பில் 1851-இல் இதேபோல நடப்பட்ட தூண், ரைட்டின் காலத்துக்கு முன்பே ஓர் ஆள் உயரத்துக்கு மேல் வெளித்தெரிந்தது. கால்வாயின் அகலத்தைப் பற்றி வாதிட்டவர்கள் காலடி மண்ணைப் பற்றி யோசிக்கவில்லை.

நியாயமாக ஒன்றையும் சொல்லவேண்டும். முயற்சி முழுவதும் வீணாகவில்லை. கரிய மண்ணில் செம்புச் சத்து இல்லை என்று 1920-களில் கண்டுபிடித்து, மயில்துத்தம் இட்ட பிறகு பயிர்கள் செழித்தன. ஏரிக்குத் தெற்கே இன்றும் சுமார் ஏழு லட்சம் ஏக்கரில் கரும்பும் காய்கறியும் விளைகின்றன. ஆனால் அது பெரிய அணைகரையும், இறைப்பு நிலையங்களும், தொடர்ந்த அரசுச் செலவும் சேர்ந்து தாங்கும் விவசாயம். ஏக்கருக்கு ஒரு டாலரில் கிடைத்ததல்ல. நிலத்தடி நீர் தாழ்ந்ததால் மயாமிக் கிணறுகளில் கடல்நீர் புகுந்ததையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எவர்கிளேட்ஸின் பழைய பரப்பில் ஏறத்தாழப் பாதி மறைந்துவிட்டது. எஞ்சியதற்கு மறுபடி நீர் விட 2000-இல் ஒரு திட்டம் தொடங்கியது. அதன் தொடக்க மதிப்பீடே 780 கோடி டாலர். பின்பு அது பல மடங்கு உயர்ந்துவிட்டது. வடிப்பதற்குப் போட்ட கணக்கையும் திரும்ப நனைப்பதற்கு ஆகும் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நாளை உங்களில் சிலர் பொறியாளர்கள் ஆவீர்கள்; மற்றவர்கள் இத்தகைய திட்டங்களுக்கு வரி கட்டுவீர்கள். ஓர் அறிக்கை கையில் வரும்போது அதன் முடிவுரைக்கு முன் நான்கு விவரங்களைத் தேடுங்கள். அளவுகள் எங்கே எடுக்கப்பட்டன? எத்தனை ஆண்டுகளுக்கு? ஒதுக்கப்பட்ட எண் எது? திட்டம் நிறைவேறிய பின் அந்த மண்ணுக்கு என்ன ஆகும்? 1908-இல் இந்தக் கேள்விகளைக் கேட்பதற்குப் புதிய விஞ்ஞானம் எதுவும் தேவைப்பட்டிருக்காது.