பெயருக்குப் பின்னால்: ‘ஷாலோம் பாலிவுட்’ ஆவணப்படமும் தமிழ்த் திரை வரலாற்றியலும்

ஆய்வுச் சுருக்கம்

ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கல்வியாளர் டேனி பென்-மோஷே இயக்கிய ‘ஷாலோம் பாலிவுட்’ (2017), இந்தித் திரையின் தொடக்க காலத்தில் பங்காற்றிய யூதக் கலைஞர்களைப் பொதுமக்களுக்கு அறிமுகப்படுத்திய ஆவணப்படமாகும். இக்கட்டுரை அப்படத்தின் ஆய்வுப் பயனையும் அதன் விளக்கமுறையின் எல்லையையும் மதிப்பிடுகிறது. படம் பேசும் கலைஞர்களுக்கும் தமிழ்த் திரைக்கும் இடையிலான தொடர்புகளைச் சுட்டி, மூலப்படங்கள் அழிந்துபோன ஒரு துறையில் கல்வியாளரின் பொதுவெளிப் பணியே ஆவணத் திரட்டாகவும் அமைகிறது என்ற கருத்தை முன்வைக்கிறது.

திறவுச் சொற்கள்: மௌனப் படம், இந்திய யூதர், சுலோசனா, ராஜா சாண்டோ, திரைப்பெயர், பொதுவெளிப் பணி

முன்னுரை

சிங்கப்பெருமாள் கோவில் வட்டாரத்தில் இளங்கலை மாணவர்க்குத் தமிழ்த் திரை வரலாற்றைக் கற்பிக்கும்போது ஒரு வினா தவறாமல் எழுகிறது: மௌனப் படத்துக்கு மொழி ஏது? மொழி இல்லையெனில் 1931க்கு முந்தைய படங்களில் எவை தமிழ்ப் படங்கள்? பாடநூல்கள் இவ்வினாவை எளிதாகக் கடந்து, முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ படத்திலிருந்து கதையைத் தொடங்கிவிடுகின்றன. அதற்கு முன் திரையில் தோன்றியவர்கள் எம்மொழியினர், எச்சமயத்தினர் என்பது பெரும்பாலும் பேசப்படுவதில்லை.

தமிழாய்வில் யூதர் பற்றிய பேச்சும் இதேபோல் ஒரு காலத்தோடு நின்றுவிடுகிறது. எபிரேய விவிலியத்தில் மயிலைக் குறிப்பதாகக் கருதப்படும் ‘துக்கி’ என்னும் சொல்லைத் ‘தோகை’யோடு இணைத்துக் கால்டுவெல் எழுதியதை அறிவோம். யோசேப் இரப்பானுக்குப் பாஸ்கர ரவிவர்மன் வழங்கிய வட்டெழுத்துச் செப்பேட்டையும் அறிவோம். சொல்லாய்வும் கல்வெட்டியலும் தொட்ட இடங்கள் இவை. இருபதாம் நூற்றாண்டின் வெகுசனக் கலையில் யூதரின் பங்கு நம் ஆய்வுக்குள் வரவில்லை. அவ்விடத்தை நிரப்ப உதவும் ஒரு படம் என்ற வகையில் ‘ஷாலோம் பாலிவுட்’ நம் கவனத்துக்குரியது.

ஆவணப்படமும் அதன் உருவாக்கமும்

நடிகை நாதிரா 2006ஆம் ஆண்டு பிப்ரவரியில் மறைந்தார். அவரைப் பற்றிய இரங்கற் குறிப்பைப் படித்ததே இப்படத்துக்கு வித்தாயிற்று. ஒருவரைப் பற்றித் தொடங்கிய தேடல் ஐவரைப் பற்றிய கதையாக விரிந்து, 2017இல் படமாக நிறைவுற்றது.

ஐவரில் மூத்தவர் சுலோசனா. 1907இல் புணேயில் பிறந்த இவரது இயற்பெயர் ரூபி மயர்ஸ். தொலைபேசி இணைப்பகத்தில் பணிபுரிந்த இவர் கோகினூர் நிறுவனத்தின் வழியே திரைக்கு வந்து, இம்பீரியல் நிறுவனத்தில் உச்ச நட்சத்திரமானார். ‘வைல்ட்கேட் ஆஃப் பாம்பே’ (1927) படத்தில் எட்டு வேடங்களில் நடித்தார். 1973ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது இவருக்கு வழங்கப்பட்டது. கொல்கத்தாவின் பாக்தாதி யூதக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் மிஸ் ரோஸ் எனப்பட்ட ரோஸ் எஸ்ராவும், பிரமிளா எனப்பட்ட எஸ்தர் விக்டோரியா ஆபிரகாமும் ஆவர். பிரமிளா 1947இல் இந்திய அழகியாகத் தேர்வு பெற்றவர், திரைப்படத் தயாரிப்பாளரும்கூட. ஃபுளோரன்ஸ் எசக்கியல் என்ற நாதிரா ‘ஆன்’ (1952), ‘ஸ்ரீ 420’ (1955) ஆகிய படங்களால் புகழ்பெற்றார். ஐவருள் ஒரே ஆண்மகனான டேவிட் ஆபிரகாம் சேவுல்கர், மராத்தி பேசும் பெனே இஸ்ரேல் சமூகத்தவர். ‘பூட் பாலிஷ்’ (1954) படத்தின் ஜான் மாமாவாக நினைவுகூரப்படுபவர்.

இவர்களின் கதையை இயக்குநர் பழைய படத்துணுக்குகள், வரைகலை அசைவூட்டம், குடும்பத்தாரின் நேர்காணல் ஆகியவற்றைக் கலந்து சொல்கிறார். பிரமிளாவின் மகனும் ‘ஜோதா அக்பர்’ படத்தின் எழுத்தாளர்களுள் ஒருவருமான ஹைதர் அலியின் பங்களிப்பு இதில் முதன்மையானது. நூலகத்தில் கிடைக்காத செய்திகள் வீட்டு அலமாரிகளிலிருந்து கிடைத்துள்ளன. படத்தின் முதல் வலிமை இதுவே. ஆய்வரங்கில் சிலர் மட்டும் அறிந்திருந்த ஒன்றைத் திரை விழாக்களின் பார்வையாளர் முன் வைத்தது அதன் இரண்டாவது வலிமை.

ஒரு விளக்கத்தின் எல்லை

யூதப் பெண்கள் ஏன் திரைக்கு வந்தனர் என்ற வினாவுக்குப் பரவலாகச் சொல்லப்படும் விடையையே படமும் ஏற்கிறது. இந்து, இசுலாமியப் பெண்கள் நடிப்பது இழிவாகக் கருதப்பட்டது. ஆங்கிலக் கல்வியும் மேலைப் பழக்கமும் கொண்ட யூதக் குடும்பங்களில் அத்தடை தளர்ந்திருந்தது. ஆகவே வெற்றிடத்தை அவர்கள் நிரப்பினர் என்பது அவ்விடை. இதில் உண்மை உண்டு. ஆனால் ‘இந்துப் பெண்கள்’ என்ற பொதுச்சொல் ஒரு முக்கியமான வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

நடிக்கக் கூடாது என்ற தடை எல்லாச் சாதிப் பெண்களுக்கும் ஒரேபோல் இருந்ததில்லை. பாடலும் ஆடலும் குலத்தொழிலாக விதிக்கப்பட்ட சமூகத்துப் பெண்கள் மேடையிலும் திரையிலும் இருந்தே வந்தனர். அவர்களைக் ‘குடும்பப் பெண்கள்’ என்ற வரையறைக்குள் சேர்க்கச் சமூகம் மறுத்தது என்பதே செய்தி. பால்கேயின் ‘மோகினி பஸ்மாசுர்’ (1913) படத்திலேயே துர்காபாய் காமத்தும் மகள் கமலாபாயும் நடித்துள்ளனர். தமிழில் திருவையாற்றில் பிறந்த டி. பி. ராஜலட்சுமி, குழந்தை மணம் முறிந்த நிலையில் நாடகக் குழுவை நாடி, அங்கிருந்து திரைக்கு வந்தவர். மலையாளத்தின் முதல் படமான ‘விகதகுமாரன்’ படத்தில் நாயர் பெண்ணாக நடித்த தலித் பெண்ணான பி. கே. ரோசி, திருவனந்தபுரத்தில் தாக்கப்பட்டு ஊரைவிட்டே வெளியேற நேர்ந்தது.

இச்சான்றுகளை அருகருகே வைத்தால், வெற்றிடம் என ஒன்று இருந்ததாகத் தோன்றவில்லை. யார் எந்த வேடத்தில் தோன்றலாம், தோன்றியபின் எவ்வாறு நடத்தப்படலாம் என்பதைச் சாதி முடிவு செய்தது. யூதப் பெண்கள் அச்சாதி அடுக்குக்குப் புறத்தே இருந்தனர். அரசியாகவும் அலுவலகப் பெண்ணாகவும் அவர்கள் தோன்றுவது யாருடைய சாதிப் பெருமையையும் தீண்டவில்லை. ரோசிக்கு மறுக்கப்பட்டதும் ரூபி மயர்ஸுக்குக் கிடைத்ததும் இந்த ஒரே ஒழுங்கின் இரு விளைவுகள். சமூக அடையாளத்தை மீட்கும் படம், அடையாளம் செயற்பட்ட இந்தக் களத்தைப் போதிய அளவு விளக்கவில்லை என்பதே என் முதல் மறுப்பு.

தலைப்பும் இத்தகைய எளிமையாக்கத்துக்கு இடந்தருகிறது. ‘பாலிவுட்’ என்பது 1970களில் பரவலான சொல். அதனை 1920களின் பம்பாய்க்கு ஏற்றும்போது, மொழி எல்லை இறுகாத ஒரு தொழிற்களம் பிற்கால இந்தித் திரையின் முன்கதையாக மட்டும் சுருங்கிவிடுகிறது.

மறைத்த பெயரா, தொழிற்பெயரா?

ரூபி மயர்ஸ் ‘அழகிய கண்ணாள்’ எனப் பொருள்படும் சுலோசனா ஆனதும், எஸ்தர் பிரமிளா ஆனதும் யூத அடையாளத்தை மறைத்தன என்பது இயல்பாகத் தோன்றும் வாசிப்பு. ஆயினும் ஐவரில் ரோஸ் தம் முதற்பெயரை ‘மிஸ்’ என்ற அடைமொழியோடு வைத்துக்கொண்டார். டேவிட் குடும்பப் பெயரை விட்டாரேயன்றி முதற்பெயரை விடவில்லை. ஃபுளோரன்ஸ் ஏற்றது வடமொழிப் பெயரன்று. உருதுச் சூழலுக்கு இசைந்த பெயர். மறைத்தல் ஒன்றே நோக்கமாயின் இவ்வேறுபாடுகளை விளக்க இயலாது.

இங்குத் தமிழ்ச் சான்று ஒன்று பயன்படும். புதுக்கோட்டை பி. கே. நாகலிங்கம் பம்பாய் மௌனப் படங்களில் உடல் வலிமைக்குப் பெயர்பெற்ற நாயகரானபோது, யூஜின் சாண்டோ என்ற ஐரோப்பியப் பயில்வானின் பெயரை ஒட்டி ‘ராஜா சாண்டோ’ ஆனார். யூதப் பெண்ணுக்கு வடமொழிப் பெயர்; தமிழ் ஆணுக்கு ஐரோப்பியப் பெயர். இவ்விருவரும் ‘இந்திரா எம்.ஏ.’ (1934) படத்தில் சேர்ந்து நடித்தனர் என்பதும் நினைக்கத்தக்கது. சமயத்தை மறைக்கும் தேவை சாண்டோவுக்கு இல்லை. உடலையும் வேடத்தையும் விளம்பரப்படுத்தும் தொழிற்பெயராகவே அது அமைந்தது.

சாண்டோ பின்னர்த் தமிழுக்கு வந்து ‘மேனகா’ (1935) படத்தை இயக்கினார். டி. கே. எஸ். சகோதரர்கள் அதில் நடித்தனர். அவர்களுள் ஒருவரான டி. கே. சண்முகம், ஒளவையார் வேடத்தால் ‘ஒளவை சண்முகம்’ ஆனார். ஓர் ஆடவருக்கு மூதாட்டியின் பெயர் நிலைத்தது. மேடையும் திரையும் பெயரை வழங்கும் முறை இது. எனவே சுலோசனா என்ற பெயரை முகமூடி என்று மட்டும் படிப்பது போதாது. அது முகமூடியாகவும் பட்டமாகவும் ஒருசேர இயங்கிற்று.

சென்னை இராயப்பேட்டையை ஒட்டிய இலாயிட்ஸ் சாலைக்கு இன்று ஒளவை சண்முகம் சாலை என்று பெயர். சென்னையில் வாழ்ந்த யூதர்களின் கல்லறைக் கற்கள், பழைய இடத்திலிருந்து பெயர்க்கப்பட்டு, அச்சாலையில்தான் வைக்கப்பட்டுள்ளன. இது தற்செயலே. ஆயினும் ஒரு சாலைப் பெயரில் நாடகத்தின் நினைவும், அதன் ஓரத்தில் ஒரு சிறுபான்மையின் நினைவும் அருகருகே இருக்க, இரண்டையும் சேர்த்து நோக்கும் பழக்கம் நம்மிடம் இல்லை.

பம்பாயும் தமிழ்த் திரையும்

1931 மார்ச்சில் வெளியான ‘ஆலம் ஆரா’வை ஆர்தேஷிர் இரானியின் இம்பீரியல் நிறுவனம் தயாரித்தது. அதன் மூலக்கதையை எழுதிய ஜோசப் டேவிட் பெனே இஸ்ரேல் யூதர். அதே நிறுவனம் அதே ஆண்டு அக்டோபரில் எச். எம். ரெட்டி இயக்கத்தில் டி. பி. ராஜலட்சுமி நடித்த ‘காளிதாஸ்’ படத்தை வெளியிட்டது. ஆக, தமிழின் முதல் பேசும் படம் பிறந்தது சுலோசனாவின் நிறுவனத்தில். பின்னாளில் நாதிராவின் ‘ஆன்’ தமிழில் மொழிமாற்றம் செய்யப்பட்டு இங்கும் திரையிடப்பட்டது.

இத்தொடர்புகளைக் காட்டுவதன் நோக்கம் தமிழ்த் திரைக்கு ஒரு யூத மூலத்தைக் கற்பிப்பதன்று. தொடக்க காலத் திரை ஒரு மொழியின் உடைமையாகவோ ஒரு சமூகத்தின் கொடையாகவோ இருந்ததில்லை. பல ஊர்களிலிருந்து வேலை தேடி வந்தவர்களின் கூட்டுத் தொழிலாக இருந்தது என்பதே இவற்றின் பொருள். ‘இந்தியத் திரையின் சொல்லப்படாத கதை’ என்று தன்னை அறிவித்துக்கொள்ளும் படம் பம்பாயோடு நிற்பதும், தமிழ்த் திரை வரலாறு 1931இல் தொடங்குவதும் ஒரே குறையின் இரு முகங்கள்.

பொதுவெளிப் பணி ஆய்வாகுமா?

ஆய்விதழ்க் கட்டுரைக்கும் நூலுக்கும் தரும் மதிப்பை ஆவணப்படத்துக்கு வழங்கக் கல்விப்புலம் தயங்குகிறது. அறிந்ததை எளிமையாக்கிச் சொல்வதே பொதுவெளிப் பணி என்ற எண்ணம் இத்தயக்கத்துக்குக் காரணம். மௌனப் பட வரலாற்றில் இவ்வெண்ணம் பொருந்தாது. இந்தியாவில் எடுக்கப்பட்ட 1,300க்கும் மேற்பட்ட மௌனப் படங்களில் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. தென்னகத்தின் ‘மார்த்தாண்ட வர்மா’ (1933) தப்பிப் பிழைத்த அரிய ஒன்று. ‘காளிதாஸ்’ படச்சுருளும் நம்மிடம் இல்லை.

படங்கள் அழிந்தபின் சான்று எங்கே இருக்கிறது? பாட்டுப் புத்தகத்தில், விளம்பரத் தாளில், பேரக்குழந்தைகளின் நினைவில், குடும்பப் படத்தொகுப்பில். இவற்றை வைத்திருப்போர் ஆய்விதழ் படிப்பவர் அல்லர். அவர்களைச் சென்றடையும் படைப்பே அவர்களிடமிருந்து சான்றையும் பெற்றுவரும். தியடோர் பாஸ்கரன் தமிழ்த் திரை வரலாற்றைப் பொதுவாசகர்க்கும் எழுதியதன் பயனும் இவ்வழிப்பட்டதே. அதே நேரத்தில், பொதுவெளி புனைவையும் வளர்க்கும். பம்பாய் ஆளுநரைவிடச் சுலோசனா மிகுதியான ஊதியம் பெற்றார் என்ற கூற்று வெகுசன எழுத்தில் ஓயாமல் திரும்ப வருகிறது. இத்தகையவற்றை உரைத்துப் பார்க்கும் கடமை கல்வியாளருக்குக் கூடுதலாக உண்டு. குடும்ப நினைவைச் சான்றாகக் கொள்ளும்போது அதனை மற்றொரு சான்றோடு ஒப்பிட்டுக் காட்டும் ஒழுங்கு, விரைந்து நகரும் ஆவணப்படத்தில் எளிதில் தளர்ந்துவிடும். ‘ஷாலோம் பாலிவுட்’டும் இதற்கு விலக்கன்று.

முடிவுரை

‘ஷாலோம் பாலிவுட்’ மறக்கப்பட்ட ஐவருக்கு அவர்தம் முழுப்பெயரைத் திருப்பித் தந்துள்ளது. சாதி அடுக்கையும் தொழிற்பெயர் மரபையும் பம்பாய்க்கு அப்பாலான திரையையும் அது கணக்கில் கொண்டிருப்பின், அப்பெயர்களின் பொருள் இன்னும் தெளிவாகியிருக்கும். எஞ்சிய பணி நம்முடையது.

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியே திருப்பெரும்புதூர் செல்லும் சாலையில் இன்று தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. பல மாநிலத்தவர் ஒரே கூடத்தில் வேலை செய்கின்றனர். மௌனப் படக் காலத்துப் பம்பாய்ப் படப்பிடிப்புத் தளத்தை மாணவர்க்கு விளக்க இதைவிடப் பொருத்தமான உவமை எனக்குக் கிடைக்கவில்லை. இச்சாலையோரச் சிற்றூர்களில் கீற்றுக்கொட்டகையில் படம் பார்த்த முதியோர் இன்னும் இருக்கின்றனர். அவர்கள் பார்த்த படம், நினைவில் நிற்கும் பெயர், வீட்டில் கிடக்கும் பாட்டுப் புத்தகம் ஆகியவற்றை ஒவ்வொரு துறையும் தன் மாணவர் வழியே பதிவு செய்யத் தொடங்கலாம். ஓர் இரங்கற் குறிப்பிலிருந்து ஒரு வரலாற்றை மீட்க முடிந்தது. அதுபோன்ற குறிப்புகளை எழுதத் தகுந்தவர்கள் மறையும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை.