யானை சொன்னதும் படம் சொன்னதும்

கைபேசியில் கணநேரம் ஓடி மறையும் சிறு காணொளிகளைத் திறனாய்வுக்குரிய ஆக்கங்களாக நாம் கருதுவதில்லை. ஆயினும் நம் வாலிபர் இன்று மிகுதியாக ‘வாசிப்பவை’ இவையே. ஆகவே வேதபகுதி ஒன்றை ஆராய்கையில் நாம் எழுப்பும் கேள்விகளை இவற்றிடமும் எழுப்புவது தகும்: பேசுபவர் யார்? யாரை நோக்கிப் பேசுகிறார்? யாருடைய குரல் விடப்பட்டுள்ளது?

2023 மே மாதம் தர்மபுரி மாவட்டத்தில், பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் செல்லும் சாலையில் எடுக்கப்பட்ட காணொளி ஒன்றைக் காண்போம். சாலையோரம் நிற்கும் காட்டு யானையை ஒருவர் நெருங்குகிறார், கைகளை உயர்த்துகிறார், கும்பிடுகிறார். யானை பின்வாங்குகிறது. அவர் காயமின்றித் திரும்புகிறார். படம் நாடெங்கும் பரவியது. வனத்துறை அவருக்கு 10,000 ரூபாய் அபராதம் விதித்தது.

இப்படம் மேலோட்டமாகக் காட்டுவன துணிவும் பக்தியுமே. ஆனால் யானையின் உடலும் ஒரு மொழி பேசுகிறது. காதுகளை விரிப்பதும், தரையைக் காலால் கிளறுவதும், முன்வந்து சட்டென நிற்பதும் எச்சரிக்கை. பின்வாங்குவது மோதலைத் தவிர்க்கும் விருப்பம். படமோ விலங்கின் கலக்கத்தை வணக்கத்துக்குக் கிடைத்த மறுமொழியெனப் பொருள் மாற்றிவிடுகிறது. கலங்கிய யானை, அடுத்து அவ்வழியே விறகு சுமந்து வரும் பெண்ணை எவ்வாறு எதிர்கொள்ளும்? அது படத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஆகவே பார்ப்போர் அதை நினைப்பதில்லை.

இத்தகைய காட்சியைச் சிங்கக்கெபிக்கு உவமையாகப் பிரசங்கத்தில் கையாளவும் சிலருக்குத் தோன்றக்கூடும். அது பிழையான விளக்கமாகும். தானியேல் கெபிக்குள் தானாக இறங்கவில்லை; தள்ளப்பட்டான்.

இக்குறை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 2025 மார்ச்சில் ஆஸ்திரேலியாவில் அமெரிக்கப் பெண் ஒருவர் வாம்பட் எனும் விலங்கின் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிப் படமெடுத்தார். தாய் விலங்கு பின்தொடர்ந்து ஓடிவருவதும் அதே படத்தில் பதிவாயிற்று. சாட்சி கண்முன் இருந்தும் எடுத்தவர்கள் அதை வாசிக்கவில்லை.

இதனால் படக்கருவியே தீது என நாம் சொல்லவில்லை. 2021 ஜனவரியில் மசினகுடியில், எரியும் பொருள் வீசப்பட்டுக் காதில் காயமுற்ற யானை இறந்தது. அக்கொடுமையை வெளிக்கொணர்ந்து இருவர் கைதாக வழிசெய்ததும் ஒரு காணொளியே. கோவையையடுத்த நவக்கரையில் 2021 நவம்பரில் ரயில் மோதி மூன்று யானைகள் மாண்டன. பின்னர் 2024 பிப்ரவரியில் மதுக்கரை வனச்சரக இருப்புப்பாதையோரம் கோபுரங்கள் எழுப்பி, உடல்வெப்பத்தை உணரும் படக்கருவிகளைப் பொருத்தினர். யானை நெருங்கினால் உரியவர்களுக்கு எச்சரிக்கை செல்கிறது. இங்கு படம் யானையின் உயிருக்காக எடுக்கப்படுகிறது. அங்கோ எடுப்பவரின் புகழுக்காக. இவ்வேறுபாட்டைக் காட்டுவதே திறனாய்வின் கடமை.

நம் வாலிபர் முகாம்கள் வால்பாறைக்கும் டாப்சிலிப்புக்கும் செல்கின்றன. வழியில் யானை நின்றால் வண்டியைத் தொலைவிலேயே நிறுத்தி, எவரும் இறங்காமல், அது கடக்கும்வரை காத்திருக்கப் பழக்குவோம். இத்தகைய படம் கைக்கு வந்தால் பிறருக்கு அனுப்பாதிருப்போம். பார்ப்பவர் பெருகுவதாலேயே இவை பெருகுகின்றன. ஆகவே பார்ப்பவராகிய நமக்கும் இதில் பொறுப்பு உண்டு.