சங்கிலி ரம்பத்தின் கையேடு: ஒரு திறனாய்வு

நூல்களைத் திறனாய்வது இதழ்களின் வழக்கம். இம்முறை நாம் எடுத்துக்கொள்வது எந்த நூல்நிலையத்திலும் கிடைக்காத ஒரு சிறு நூல். 'மரம் அறுக்கிற மிஷின்' என்று ஊரில் வழங்கும் சங்கிலி ரம்பத்தை வாங்கினால், பெட்டியின் அடியில் ஒரு கையேடு கிடக்குமல்லவா? அதுதான். எந்த ஒரு நிறுவனத்தையும் இங்கே சுட்டவில்லை. நான் புரட்டிய பல கையேடுகளில் பொதுவாகக் கண்ட குறைகளையே உங்கள் முன் வைக்கிறேன்.

இதைப் படிக்கத் தூண்டியது பெரியநாயக்கன்பாளையத்துப் பட்டறை ஒன்றில் பார்த்த ஒரு பிஸ்டன். புகைபோக்கிப் பக்கம் முழுவதும் நகத்தால் கீறியதுபோல் நெடுங்கோடுகள். சிலிண்டரும் பாழ். ரம்பம் வாங்கி ஆறு மாதம் ஆகவில்லை. தென்னந்தோப்புக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். "எண்ணெய் கூடத்தானுங்க ஊத்துனேன், எப்படிங்க புடிச்சுக்கும்?" என்றார். அவரிடமிருந்த கையேட்டில் பல மொழிகள் இருந்தன. தமிழ் இல்லை.

இயந்திரம் அறியாத ஊரா இது? 1962-இல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் தொடங்கிய ஊர். நூற்பு இயந்திரம் செய்யும் கைகளுக்கு ஒரு சிறு எஞ்சின் எம்மாத்திரம்? ஆனால் ஒன்றை மறந்துவிட்டோம். 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்த காலத்தில், பெட்ரோலில் எண்ணெய் கலப்பது பள்ளிப் பையனுக்கும் தெரியும். இரு வீச்சு எஞ்சின் வண்டிகள் சாலையிலிருந்து மறைய, அந்த அறிவும் மறைந்தது. இன்று அதே எஞ்சின் ரம்பமாகவும், புல்வெட்டியாகவும், மருந்து தெளிப்பானாகவும் தோட்டத்துக்குத் திரும்பி வந்திருக்கிறது. அறிவு திரும்பவில்லை. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது கையேடு.

அது என்ன சொல்கிறது? 'ஐம்பதுக்கு ஒன்று' என்கிறது. சரியான செய்திதான். லிட்டருக்கு 20 மில்லி. 5 லிட்டர் கேனுக்கு 100 மில்லி. சில எண்ணெய்களுக்கு இருபத்தைந்துக்கு ஒன்று, அதாவது லிட்டருக்கு 40 மில்லி. ஆனால் காரணத்தைச் சொல்வதில்லை. முதற்குறை இதுவே.

இரு வீச்சு எஞ்சினில் எண்ணெய்க்கெனத் தனித்தொட்டி கிடையாது. எரிபொருள் கலவை சுழல்தண்டு அறையின் வழியாகத்தான் மேலே போகிறது. போகிற வழியில் தாங்கிகளையும் பிஸ்டனையும் அதுவே நனைக்கிறது. ஆகவே எண்ணெய் குறைந்தால் சேதம் என்பது எளிதில் விளங்கும். கூடினால்? கரி படியும், புகைவழி அடைபடும். அதோடு, எண்ணெய் கூடிய அளவுக்கு ஒவ்வொரு துளியிலும் பெட்ரோல் குறையும். கலவை நீர்க்கும், சூடு ஏறும். 'கூட ஊற்றினால் நல்லது' என்ற நம்பிக்கையை ஒரே வரியில் கையேடு உடைத்திருக்கலாம். பைக்குக்கு ஊற்றும் நான்கு வீச்சு எண்ணெய் இதற்கு ஆகாது என்பதையும் தடித்த எழுத்தில் போட்டிருக்கலாம்.

இரண்டாவது குறை பெட்ரோலைப் பற்றியது. 'எத்தனால் 10 விழுக்காட்டுக்கு மிகாத பெட்ரோல்' என்று பல கையேடுகள் எழுதுகின்றன. நம் பங்கிலோ 2023 முதல் 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் வரத் தொடங்கி, இன்று பரவலாகிவிட்டது. ஒரு கிலோ தூய பெட்ரோல் எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும். 20 விழுக்காட்டுக் கலவைக்குச் சுமார் 13.5. திருகு பழைய நிலையிலேயே இருந்தால், எஞ்சினுக்கு அது நீர்த்த கலவை. மேலும் எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். மாதக்கணக்கில் கேனில் நின்றால் நீரும் எத்தனாலும் அடியில் பிரியலாம். உங்கள் ரம்பம் எந்த அளவு எத்தனாலை ஏற்கும் என்பதை விற்பவரிடம் எழுத்திலேயே கேளுங்கள். ஒரு மாதத்துக்குள் தீரும் அளவே கலக்குங்கள். ரம்பத்தை எடுத்து வைக்கும்போது தொட்டியைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள்.

மூன்றாவது குறை கார்புரேட்டரைப் பற்றியது. நம் ஊர் கடல் மட்டத்துக்கு 400 மீட்டருக்குச் சற்று மேலே. ஊட்டியோ 2,240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் இங்குள்ளதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே சில்வர் ஓக் அறுக்கப் போன ரம்பம் புகைந்து திணறும். மெக்கானிக் எரிபொருளைக் குறைத்துச் சரி செய்வார். அதே ரம்பம் மலையிறங்கித் தென்னையில் வைக்கப்பட்டால் காற்று அடர்த்தி, எரிபொருள் பற்றாது. பட்டறையில் கிடந்த பிஸ்டனின் கதையும் இதுதான். ரம்பம் இரண்டு வாரம் ஊட்டியில் வேலை செய்து திரும்பியதாம்! இத்தனைக்கும் 'உயரம் மாறினால் திருத்துக' என்ற ஒரு வரி கையேட்டில் இருக்கிறது, 30 பக்கத்துக்கு அப்பால், பொடி எழுத்தில்.

எப்படித் திருத்துவது? முதலில் காற்று வடிகட்டியையும் சிலிண்டர்ச் செதில்களையும் சுத்தம் செய்யுங்கள். தென்னை நாரும் தூளும் அடைத்திருந்தால் எந்தத் திருகும் பயன்படாது. எஞ்சின் சூடானபின் 'எல்' திருகைச் சீராக்கி, சும்மா ஓடும்போது சங்கிலி நகராதபடி ஓட்டத் திருகை வையுங்கள். பின்பு 'எச்' திருகு. மரத்தில் வைக்காமல் கணநேரம் முழுதும் முறுக்கினால் ஓசை சற்றுக் கரகரக்க வேண்டும்; மரத்தில் இறங்கியதும் தெளிய வேண்டும். வீலென்று கீச்சிட்டால் கலவை நீர்த்திருக்கிறது. திருகை இடப்புறம் சிறிது திறவுங்கள். வேகமானி இருந்தால் கையேட்டின் எண்ணைத் தாண்டாதீர்கள். எத்தனை திருப்பியும் நிலைக்காவிட்டால் எங்கோ காற்றுக் கசிவு. அதைத் திருகால் மறைப்பது நோயை மறைப்பதாகும். சில புதிய ரம்பங்கள் தாமே திருத்திக்கொள்ளும். அவற்றில் கை வைக்க வேண்டாம்.

நம் தீர்ப்பு இது: கையேடு பொய் சொல்லவில்லை. ஆனால் உண்மையைப் பயன்படாத இடத்தில், பயன்படாத மொழியில் வைத்திருக்கிறது. எச்சரிக்கை தன் கடமை என நினைக்கிறது. விளக்கம் தன் கடமை என நினைக்கவில்லை. பொள்ளாச்சிப் பக்கம் வேர் வாடல் நோயில் தென்னைகளை இழந்த உழவர், அவற்றை வெட்ட வாங்கிய ரம்பத்தையும் இழக்கலாமா? எண்ணெய் அளவு, எத்தனால் வரம்பு, உயரம், ஓசை ஆகிய நான்கையும் தமிழில் ஒரே தாளில் அச்சிட்டு எரிபொருள் கேனில் ஒட்டித் தரட்டும். அடுத்த முறை ரம்பம் வாங்கும்போது, வாசகரே, விலையைக் கேட்கும் முன் அந்தத் தாளைக் கேளுங்கள்.