நூலைக் கேட்டவர்கள்

பண்டைய இஸ்ரவேலின் சமயச் சீர்திருத்தம் முழுக்க முழுக்க அரண்மனைச் சரக்கு என்ற கருத்து இன்று ஐயத்துக்கு அப்பாற்பட்ட முடிவுபோல உலவுகிறது. அரசன் ஆணையிட்டான், எழுத்தர்கள் நூல் இயற்றினார்கள், எருசலேம் ஆசாரியர்கள் ஆதாயம் கண்டார்கள்; மக்களோ வீட்டுமூலையில் களிமண் பாவைகளோடு இருந்துவிட்டார்கள். தொல்லியலாளர் வில்லியம் டெவர் 2005இல் எழுதிய நூலில் ‘நூல் சமயம்’, ‘நாட்டார் சமயம்’ என்று கோடு கிழித்தார். நாட்டார் வழிபாட்டுக்கு அவர் மீட்டுத் தந்த மதிப்பு பெரிது. ஆனால் அந்தக் கோடே மக்களைச் சீர்திருத்த வரலாற்றிலிருந்து வெளியே தள்ளிவிட்டது.

இந்தப் பார்வை பழையது. 1805இல் விவிலிய ஆய்வாளர் டி வெட்டே, யூதா அரசன் யோசியா காலத்தில் எருசலேம் ஆலயத்தில் கிடைத்த நூலை உபாகமத்தோடு இணைத்தார். 1878இல் வெல்ஹவுசன் அதை ஒரு பெருவரலாறாக வளர்த்தார். பிறகு அகழாய்வு வந்தது. 1975–76இல் சினாய்ப் பாலையின் குந்திலெத் அஜ்ருதில் கிடைத்த சாடிகளில் இஸ்ரவேலின் கடவுள் யாவேயின் பெயரோடு அசேரா என்ற பெண்தெய்வத்தின் பெயரும் சேர்ந்த வாழ்த்து இருந்தது. பழைய தமிழ் வேதாகமத்தில் ‘தோப்பு’ என்று மறைந்துகிடந்தவள் இந்த அசேராதான்.

எனக்கு முக்கியம் யூதாவின் கடைசி இரு நூற்றாண்டுகளும் அவற்றுக்குச் சற்று முந்திய ஒரு நாளும். யூதாவை ஆண்ட அரசி அத்தாலியாள் வீழ்ந்த அன்று திட்டம் ஆசாரியனாகிய யோய்தாவுடையது. பாகாலின் கோயிலை இடித்த கைகள் ‘தேசத்தின் ஜனங்க’ளுடையவை. இவர்கள் பரம ஏழைகள் அல்லர், நிலமுள்ள குடியானவர்கள் என்பது பலரின் துணிபு. இருக்கட்டும், அரசவையினரும் அல்லர். கி.மு. 640 அளவில் அரசன் ஆமோனை அவன் ஊழியரே அரண்மனையில் கொன்றபோது, கொலைகாரர்களை ஒழித்து எட்டு வயது யோசியாவை அரியணையில் அமர்த்தியவர்களும் இவர்களே. யோசியாவின் சீர்திருத்தம் என்று நாம் சொல்வதற்கு வாசல் திறந்தவர்கள் இவர்கள்.

கி.மு. 622இல் நூல் கிடைத்த கதையையும் கவனியுங்கள். ஆலயத்தைப் பழுதுபார்த்த பணம், வாசல் காவலர் ஜனங்களிடம் திரட்டியது. அது தச்சர், சிற்றாள், கொத்தர் கைக்குப் போனது. அவர்கள் நாணயமானவர்கள் என்பதால் கணக்குக் கேட்கவில்லை என்கிறது இராஜாக்கள் நூல். தீர்க்கதரிசி எரேமியாவைக் கொல்ல ஆசாரியர்கள் துடித்தபோது, நூறாண்டுக்கு முன் மொரேஷேத் கிராமத்து மீகா சொன்னதை நினைவூட்டித் தடுத்தவர்கள் தேசத்து மூப்பர்கள். தீர்க்கதரிசனம் ஊர் நினைவிலும் வாழ்ந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

பெயர்களும் பேசுகின்றன. முத்திரைகளிலும் ஓட்டுச் சில்லுகளிலும் உள்ள இஸ்ரவேலர் பெயர்களை ஜெஃப்ரி டிகே 1986இல் தொகுத்தார். தெய்வப்பெயர் கலந்தவற்றில் மிகப் பெரும்பான்மை யாவேயின் பெயரைத் தாங்கியவை. பிள்ளைக்குப் பெயர் வைப்பது வீடு. அரசாணை அங்கே நுழைவதில்லை.

சீர்திருத்தத்தை மறுத்தவர்களையும் சிந்தித்தவர்களாகவே படிக்க வேண்டும். எகிப்தில் குடியேறிய யூதப் பெண்கள் எரேமியாவிடம் நேருக்கு நேர் வாதிட்டார்கள்: வானராக்கினி என்ற பெண்தெய்வத்துக்குப் படைத்தவரை வயிறு நிறைந்தது, நிறுத்தியபின் பஞ்சமும் வாளும் வந்தன. இதை வெறும் மூடப்பழக்கம் என்று தள்ள முடியாது. சீர்திருத்தத்தின் விளைவைத் தங்கள் வாழ்விலிருந்து எடைபோட்ட தீர்ப்பு அது. அதைப் பதிவுசெய்து வைத்ததில் எரேமியா நூலின் நேர்மை தெரிகிறது.

கி.மு. 609இல் யோசியா மெகிதோவில் மாண்டான். ஆணையால் நின்றதெல்லாம் அவனோடு சரிந்தது. நாடுகடத்தலுக்குப் பின், சொந்த அரசே இல்லாத காலத்தில்தான் நூல் வேர்பிடித்தது. நெகேமியா நூலின் எட்டாம் அதிகாரத்தில், தண்ணீர் வாசலுக்கு முன் ஆண்களும் பெண்களும் கூடுகிறார்கள். விடியல் முதல் நண்பகல்வரை வாசிப்பு; லேவியர் பொருள் விளக்குகிறார்கள்; கேட்டவர்கள் அழுகிறார்கள். பிறகு மலைக்குப் போய்க் கிளைகள் வெட்டிவந்து தங்கள் மொட்டைமாடிகளில் கூடாரம் போடுகிறார்கள். ஒரு வாசகம் வாழ்க்கையாவது இப்படித்தான்.

சீர்திருத்தத்தை அறிவிப்பது அரசனால் முடியும். நிலைக்கச் செய்வது மக்களால் மட்டுமே முடியும். அன்று தண்ணீர் வாசல் சதுக்கத்தில் வேதபாரகன் எஸ்றா தானாக நூலை ஏந்தி வரவில்லை. கொண்டுவரச் சொன்னவர்கள் மக்கள்.